தரங்கம்பாடி: மதிலும் பெயரும்

சோழநாட்டுக் கடற்கரையில், காவிரிப்பூம்பட்டினத்திற்குத் தெற்கிலும் காரைக்காலுக்கு வடக்கிலும் அமைந்துள்ளது தரங்கம்பாடி என்னும் சிற்றூர். மதில் சூழ்ந்த கடற்கரை நகரங்கள் தமிழகத்தில் பல இருந்தன. அவற்றுள் தெரு அமைப்பும், வாயிலும், கோட்டையும், பழைய மனைகளும் ஓரளவேனும் உருக்குலையாமல் நின்று காட்டும் ஊர் இஃதொன்றே எனலாம். விடுமுறை நாள்களில் இங்கு வருவோர் கோட்டையைக் காண்பர், கடற்காற்று வாங்குவர், வாயிலின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வர், மீள்வர். அதில் குறை காண்பதற்கில்லை. ஆயின் தமிழ் பயிலும் முதுகலை மாணவரும் அவ்வாறே வந்து அவ்வாறே மீள்வதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருந்தியதன் விளைவே இக்கட்டுரை. ஊரைப் பற்றி எழுதப்பெற்றவற்றுள் பெரும்பகுதி டேனிய மொழியிலும் செருமானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. அந்நூல்கள் உழைப்பின் விளைவுகள். அவற்றின்றி இவ்வூர் வரலாறு இல்லை. எனினும் அவற்றைப் படித்து முடித்தவர்க்கு இவ்வூர் 1620இல் பிறந்தது போன்ற ஒரு மயக்கம் உண்டாகிவிடுகிறது. அம்மயக்கத்தை நீக்குவதும், இவ்வூருக்குச் செல்லும் தமிழ் ஆய்வாளர் எங்கெங்கு நின்று எவ்வெவற்றை நோக்குதல் வேண்டும் என்று காட்டுவதும் ஈண்டு என் நோக்கமாகும்.

கோட்டையிலிருந்து தொடங்குதல் வேண்டா. கரையோரமாக வடக்கே சிறிது தொலைவு நடந்தால் மாசிலாமணிநாதர் கோயிலை அடையலாம். தொடங்க வேண்டிய இடம் அதுவே. இக்கோயில் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. இம்மன்னன் 1268இல் அரியணை ஏறியவன்; சோழப் பேரரசு மறைந்தபின் சோழநாட்டுக் கடற்கரையைத் தன் ஆட்சிக்கீழ்க் கொண்டவன். கி. பி. 1305ஐ ஒட்டிய இக்கோயிற் கல்வெட்டே ஊரைப் பற்றி நமக்குக் கிடைத்த தொன்மையான சான்று. அதன்கண் ஊர்ப்பெயர் ‘சடங்கன்பாடி’ என்று காணப்படுகிறது. ‘குலசேகரன்பட்டினம்’ என்னும் மறுபெயரும் உண்டு. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இஃது அரசன் தன் பெயரைச் சூட்டத் தகுந்த பட்டினமாக இருந்தது என்பதை இவ்வொரு கல்வெட்டே நிறுவிவிடுகிறது.

கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைக் காப்பதற்கு அண்மைக் காலத்தில் கரையில் கற்கள் கொட்டப்பட்டுள்ளன, திருப்பணியும் நடைபெற்றுள்ளது. யான் மாணவனாக முதன்முறை சென்றபோது அலை வந்து அடிக்கும் கருங்கற்களின்மேல் நின்று, “இவற்றுள் எத்தனை கல்லில் எழுத்து இருந்ததோ” என்று எம் ஆசிரியர் ஒருமுறை சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அக்கூற்று இன்றும் என் செவியில் உள்ளது. படியெடுக்கப்பெற்ற கல்வெட்டு நம்மிடம் இருக்கிறது. படியெடுக்கப்பெறாமலே கடலுள் வீழ்ந்தவை எவை என்பதை அறிய வழியில்லை. கடற்கரைக் கோயில்களின் கல்வெட்டுகளை ஆராய்வோர் இதனை மனத்திற்கொண்டு, இல்லாத சான்றினின்று முடிவு காணும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும்.

இனி ஊர்ப்பெயரைக் காண்போம். ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவது இன்று பெருவழக்காகிவிட்டது. வழிகாட்டி ஏடுகளிலும் விளம்பரப் பலகைகளிலும் இதனைக் காணலாம். கேட்பதற்கு இனியதே, ஆயின் பிழையானது. தரங்கம் என்பது அலை என்னும் பொருளுடைய வடசொல். அதுபற்றி ஐயமில்லை. பிழை பின்னொட்டில் உள்ளது. பாடி என்பது ஊர் என்றும், ஆயர் சேரி என்றும், படை தங்கும் இடம் என்றும் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். காட்பாடி, ஆயர்பாடி, பாடிவீடு என்பன எல்லாரும் அறிந்தவை. பாடுதல் தொழிலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தரங்கம்பாடி என்ற வடிவையே கொண்டாலும் ‘அலையூர்’ என்பதற்குமேல் ஒன்றும் பெறப்படாது. காட்பாடியில் காடு பாடுவதாக எவரும் கூறுவதில்லை அன்றோ?

ஆயினும் இங்கு ஆராய்தற்குரிய பொருள் வேறொன்று உண்டு. கடற்கரை ஊர்களுக்குப் பெரும்பாலும் பட்டினம், பாக்கம், துறை, குப்பம் என்பனவே ஈறாக அமையும். பாடி என்பது முல்லை நிலத்துக் குடியிருப்போடு மிகுதியும் இயைந்த சொல். நெய்தல் நிலத்தில் அது வந்திருத்தல் கருதத்தக்கது. அன்றியும், ‘சடங்கன்’ என்பது யாது? அன் ஈறு பெற்று நிற்றலின் ஆட்பெயர் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஆறு அங்கங்களைக் குறிக்கும் வடசொல்லோடு அதனை இயைத்து, அந்நூல்களில் வல்லான் ஒருவனது ஊர் என்று கொள்வதற்கும் இடம் உண்டு. சடங்கவி என்ற பெயர் சுந்தரர் வரலாற்றில் வருதல் சைவ இலக்கியம் பயின்றோர் அறிந்ததே. யான் இதனை முடிந்த முடிபாகக் கூறவில்லை. ஒரு தனி மனிதன் பெயரால் அமைந்த குடியிருப்பு என்பது வரையில் துணியலாம்.

சடங்கன்பாடி எவ்வாறு தரங்கம்பாடி ஆயிற்று? மொழி முதற்கண் சகரம் தகரமாதல் தமிழில் இயல்பான மாற்றம் அன்று. தசை, சதை என மாறிவரும் சொற்களை இதற்கு மேற்கோளாகக் காட்டுவோர் உளர். அங்கு நிகழ்ந்தது எழுத்துகள் இடம் மாறியமையே. ஆதலின் அது பொருந்தாது. எனவே ஒலித்திரிபு மட்டுமே இம்மாற்றத்திற்குக் காரணம் ஆகாது. பொருள் விளங்காத பழம்பெயரைக் கற்றோர் பொருள் விளங்கும் வடசொல்லாக மாற்றியமைத்தனர் என்று கொள்வதே தக்கது. மறைக்காடு வேதாரணியம் ஆனதும், முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் இத்தகைய மாற்றங்களே. ஆங்கெல்லாம் பழம்பெயர் மொழிபெயர்க்கப்பெற்றது. இங்கோ, ஓசை ஒப்புமை ஒன்றே பற்றி வேறொரு சொல் அமர்த்தப்பெற்றது போலும்.

இம்மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதற்கு ஐரோப்பியர் எழுதிய வடிவங்களைச் சான்றாகக் காட்டுதல் உண்டு. போர்ச்சுகீசியர் திராங்கம்பார் என்றும் டேனியர் திராங்கெபார் என்றும் எழுதினர். இவற்றில் ரகரம் இருத்தலின் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே தரங்கம்பாடி என்ற வடிவம் வழங்கிற்று என்பர். யானும் சில ஆண்டுகள் முன்புவரை அவ்வாறே கருதியிருந்தேன். வகுப்பிலும் அவ்வாறே கற்பித்துள்ளேன். இப்போது அதனை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. உயிர்களிடை நின்ற டகரத்தை ஐரோப்பியர் செவி ரகரமாகவே கொண்டது. இவ்வூர்ப் பெயரின் ஈற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பாடி என்பதுதானே அவர் வாயில் ‘பார்’ ஆயிற்று? சேரநாட்டுக் கொடுங்கல்லூர் அவர் ஏடுகளில் கிராங்கனூர் என உருமாறியதும் நோக்குக. கொடுங் என்பது கிராங் ஆகுமாயின், திராங் என்பதன் மூலம் தரங் ஆகவும் இருக்கலாம். தடங் ஆகவும் இருக்கலாம். ஆதலின் ஐரோப்பிய வடிவங்கள் இவ்வழக்கில் சான்றாக நிற்க மாட்டா. தமிழ் எழுத்தில் எழுதப்பெற்ற சான்றுகளையே நாடுதல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி என்னும் வடிவம் நிலைபெற்றுவிட்டது. 1305க்கும் அதற்கும் இடைப்பட்ட நானூறு ஆண்டுகளில் எழுந்த ஓலைகளும் கல்வெட்டுகளும் இதற்காகத் துருவப்பெறல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நல்ல பணி இது.

குலசேகரன்பட்டினம் என்னும் பெயர் வழக்கிழந்தமை பற்றி ஒன்று சொல்லுதல் வேண்டும். அரசன் சூட்டிய பெயர் மறைந்தது. யாரென்று அறியப்படாத சடங்கன் பெயரோ, உருத்திரிந்தேனும், இன்றளவும் ஊர்மக்கள் நாவில் இருக்கிறது.

கோயிலினின்றும் தெற்கு நோக்கி நடந்தால் டேன்சுபர்க் கோட்டையை அடையலாம். டேனியர் இங்கு வந்த வரலாறு எதிர்பாராத நிகழ்ச்சிகளின் தொடர். 1618இல் ஓவே கெத்தே என்னும் இளைஞர் தலைமையில் புறப்பட்ட கப்பல்கள் இலங்கையை நோக்கியே வந்தன. கண்டி அரசனோடு உடன்பாடு காண்பதே அவர் எண்ணம், அது கைகூடவில்லை. முன்னதாக வந்த கப்பல் ஒன்று காரைக்காலுக்கு அருகில் போர்ச்சுகீசியரால் அழிக்கப்பட்டது. அதிலிருந்து உயிர் தப்பிய ரோலண்டு கிராப்பே என்பார் தஞ்சை அரசவையை அடைந்தார். அவ்வழியே ஏற்பட்டதுதான் இரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் செய்துகொள்ளப்பெற்ற உடன்பாடு. இரகுநாதர் டென்மார்க்கு அரசர் நான்காம் கிறித்தியானுக்குப் பொன்னேட்டில் திருமுகம் எழுதுவித்தார். அத்திருமுகம் கோபனேகனில் உள்ள அரச ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அப்பொன்னேடு தமிழில் எழுதப்பெற்றது என்பதை ஈண்டு அழுத்திக் கூறுதல் வேண்டும். தஞ்சை நாயக்கர் அவை தெலுங்கு இலக்கியத்தின் பொற்காலம். இரகுநாதரே தெலுங்கில் நூல் இயற்றிய புலவர். அவ்வாறாகியும் கடல் கடந்த அரசனுக்கு எழுதிய திருமுகம் தமிழில் அமைந்தது. அவை மொழி வேறு, ஆட்சி மொழி வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. நாயக்கர் காலத் தமிழைப் பற்றி எழுதுவோர் இலக்கியங்களையே எடுத்துக்கொண்டு, திருமுகம், முறிச்சீட்டு, உடன்பாடு முதலியவற்றின் உரைநடையைப் புறக்கணித்து வருதல் வருந்தத்தக்கது.

கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை உடைய அறைகள் உள்ளன. பண்டகசாலையும், மருந்துக் கிடங்கும், சிறையும் அங்கு இருந்தன. மேல்தளத்தில் தலைவர் தங்கினர். வழிபாட்டுக்கூடமும் அங்கு இருந்தது. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் கோட்டையுள் உள்ளது. அங்கு செல்வோர் டேனியர் காசுகளைத் தவறாமல் காணல் வேண்டும். டென்மார்க்கு அரசர் பெயரின் தலைப்பெழுத்துகள் ஒரு புறமும், மதிப்பு மறுபுறமும் பொறிக்கப்பெற்ற சிறு செப்புக் காசுகள் அவை. மதிப்பைக் குறிக்கும் சொல் உரோம எழுத்தில் ‘காசு’ என்பதே. நம் சொல் ஓர் ஐரோப்பிய மன்னன் நாணயத்தில் ஏறி அமர்ந்திருப்பதைக் காண்பது மகிழ்ச்சி தருவதே.

இதற்கு மறுதலையாக, டேனியச் சொல் எது தமிழில் வந்து வழங்குகிறது என்று வினவினால் விடை கூறுதல் இயலவில்லை. அலமாரி, சாவி, சன்னல், மேசை, ஏலம் எனப் போர்ச்சுகீசியச் சொற்கள் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டன. டச்சுச் சொல் சிலவும் உள. இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஓர் ஊரை ஆண்ட டேனியர் தம் மொழிச் சொல் ஒன்றையும் விட்டுச் செல்லவில்லை, எனக்குத் தெரிந்த வரையில். டேனியர் தொகை சிறிதாயிருந்தமை மட்டும் இதற்குக் காரணம் அன்று. கரையோரத்தில் வாணிகத்திற்கும் வீட்டு ஏவலுக்கும் பொதுமொழியாய் வழங்கியது திரிந்த போர்ச்சுகீசியமே. டேனியரும் தமிழரும் தம்முள் பேசிக்கொண்டது அம்மொழியில்தான். பிற்காலத்துப் பாதிரிமாரும் தமிழிலும் போர்ச்சுகீசியத்திலும் வழிபாடு நடத்தினர். ஆட்சி யாருடையது என்பதைக் காட்டிலும் சந்தையில் வழங்கிய மொழி எது என்பதே சொற்கலப்பிற்குக் காரணமாகும் என்பதற்குத் தரங்கம்பாடி தெளிவான எடுத்துக்காட்டு.

மதிலுக்கு வருவோம். ஊரைச் சூழ்ந்த மதில் டேனியர் வந்தவுடன் எழுந்ததன்று. அதன் வரலாறு வியப்புக்குரியது. 1640ஐ ஒட்டிய ஆண்டுகள் தொடங்கி 1669 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து இங்கு ஒரு கப்பலும் வரவில்லை. வாணிகக் குழு 1650இல் கலைக்கப்பட்டது. ஊர் மறக்கப்பட்டது என்றே சொல்லலாம். எசுகில்டு ஆண்டர்சன் கொங்சுபாக்கே என்பார் 1655 முதல் கோட்டைத் தலைவராய் இருந்தார். உயர்குடியில் பிறந்தவரல்லர், கல்வியாளரும் அல்லர். உடன் இருந்த டேனியர் ஒவ்வொருவராய் மாண்டனர். கடலில் கப்பல்களைக் கைப்பற்றியும், உள்ளூரில் வருவாய் ஈட்டியும் அவர் கோட்டையைக் காத்தார். தஞ்சைப் படையின் தாக்குதலைத் தடுக்க ஊரைச் சுற்றி மதில் எடுத்தவர் அவரே. அப்பெருமதிலைக் கட்டியவர் தமிழ்த் தொழிலாளரேயாதல் வேண்டும். காத்தவருள்ளும் மிகப் பெரும்பாலோர் இந்நாட்டவரே. டென்மார்க்கில் இருந்தோர் கை கழுவிய ஓர் ஊரை இவ்வூர் மக்களும் ஒரு தனி மனிதரும் காத்து நின்றனர் என்பது நூல்களில் போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை.

அம்மதிலின் பயன் 1699இல் விளங்கிற்று. தஞ்சை மராத்திய மன்னர் சகசியின் படை ஊரை முற்றுகையிட்டது. சென்னையிலிருந்து ஆங்கிலேயர் அனுப்பிய உதவிப் படை வந்தபின் முற்றுகை நீங்கியது.

மதிலுக்குள் வாழ்ந்தவர் யார்? சென்னைக் கோட்டையின் வரலாற்றைப் படித்தவர், மதிலுக்குள் வெள்ளையர், வெளியே கறுப்பர் என்று இருந்திருக்கும் என எளிதில் முடிவு கட்டிவிடுவர். தரங்கம்பாடியில் அவ்வாறில்லை. மாசிலாமணிநாதர் கோயில் மதிலுக்குள் அமைந்தது. முசுலீம்களின் பள்ளிவாசலும் உள்ளே இருந்தது. இந்துக்கள், முசுலீம்கள், கத்தோலிக்கர், டேனியர், செருமானியர், போர்ச்சுகீசிய மரபினர் எல்லாரும் ஒரே மதிலுள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். அரசர் தெருவும் அரசி தெருவும் ஐரோப்பியர் மனைகளைக் கொண்டன; பொற்கொல்லர் தெரு முதலியன தமிழர்க்குரியன. சம உரிமை நிலவியது என்று இதனால் கூறவில்லை. தெருவுக்குத் தெரு சாதி வேறுபாடும் நிற வேறுபாடும் இருந்தன. ஆயின் மதில் பிரித்தது நிறத்தை அன்று. பட்டினத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்ப்புறத்தையும் பிரித்தது. பொறையாறு, தில்லையாடி முதலிய ஊர்கள் டேனியர் ஆட்சிக்கு உட்பட்டவையாயினும் மதிலுக்கு வெளியே நின்றன. நெல் விளைந்தது அங்கே. துணி நெய்யப்பட்டதும் அங்கே. உள்ளே வாணிகமும் வரியும் ஆட்சியும் நிகழ்ந்தன. காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊர் தில்லையாடி என்பதனை வழியில் செல்வோர் நினைவுகூர்தல் தகும்.

மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. மேற்கே அரசர் தெருவின் தலைப்பில் நிற்கும் வாயில் 1792இல் பீட்டர் ஆங்கர் ஆட்சித் தலைவராய் இருந்தபோது புதுப்பித்துக் கட்டப்பெற்றது. அதன்மேல் டேனிய அரச முத்திரை காணப்படுகிறது. வெண்சுதை பூசிய அவ்வாயிலின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயின் மாணவர் வாயிலோடு நின்றுவிடாது, அதன் இருபுறமும் மதில் சென்ற வழியை மேடு பள்ளம் கொண்டு தொடர்ந்து நடந்து பார்த்தல் வேண்டும். 1730களில் வரையப்பெற்ற டிரெல்லண்டு என்பாரின் ஊர்ப்படத்தின் படியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது சாலச் சிறந்தது. முந்நூறு ஆண்டுப் பழமையான படத்தைக்கொண்டு இன்றைய தெருவில் வழி தவறாமல் நடக்க இயலும் ஊர் தமிழகத்தில் வேறு உளதோ, அறியேன்.

தமிழ் மாணவர் பலர் இவ்வூர்ப் பெயரை முதன்முதல் கேட்பது அச்சு வரலாற்றில்தான். 1706 சூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்பாரும் என்றிக்கு புளூட்சோ என்பாரும் இங்கு வந்திறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது அகவை இருபத்துநான்குகூட நிறையவில்லை. டென்மார்க்கு அரசர் அனுப்ப வந்த அவரைக் கோட்டைத் தலைவரே 1708இல் சிறையிலிட்டார். நான்கு மாதங்கள் டேன்சுபர்க்கில் அடைபட்டுக் கிடந்தார். 1718இல் புதிய எருசலேம் கோயிலைக் கட்டி முடித்து, மறு ஆண்டு பிப்ரவரியில் முப்பத்தாறாம் அகவையில் மறைந்து, அக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

தமிழில் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வெளிவந்தது என்று எழுதுவது இன்னும் ஒழியவில்லை. இது பிழை. உரோம எழுத்தில் தமிழ் 1554இலேயே இலிசுபனில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடியார் வரலாறு 1586இல் புன்னைக்காயலில் வெளிவந்தது. தரங்கம்பாடியின் சிறப்பு வேறு. அச்சுத்தொழில் இங்குத் தொடர்ந்து நடைபெற்றது. எழுத்து வார்த்தலும், அச்சிடலும், காகிதம் செய்தலும் ஓரிடத்தில் ஒருங்கே முயலப்பெற்றன. 1713இல் ஆலே நகரினின்று வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்தமையின் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பாலாடைக்கட்டி வைத்து அனுப்பப்பெற்ற ஈயப் பெட்டிகளை உருக்கி அவற்றைச் செய்தனர் என்ப. அவ்வெழுத்துகளைக்கொண்டே புதிய ஏற்பாடு முழுமையும் 1715இல் முடிவுற்றது.

அச்சினும் நம் கருத்திற்கு உரியவை, அவர் அச்சிடாதன. சீகன்பால்கு 1708இல் தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கக் குறிப்புகளுடன் ஓர் அட்டவணை எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் பெயரும் பொருளும் அதில் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்கரைப் பட்டினத்தில் எந்நூல்கள் மக்களிடை வழங்கின, எவை பள்ளியில் ஓதப்பெற்றன என்பதை அறிய இதற்கு ஈடான சான்று வேறு இல்லை. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அதே ஆண்டில் அவர் செருமானிய மொழியில் பெயர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதிய பெருநூலை ஆலேயில் இருந்த பிராங்கே அச்சிட ஒப்பவில்லை. பொய்ச் சமயங்களை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அவற்றை ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. சுவடி அட்டவணை 1880இல் வெளிவந்தது. இவ்விரு நூல்களும் உரிய காலத்தில் வெளிவந்திருப்பின் ஐரோப்பாவில் தமிழாராய்ச்சி ஒரு நூற்றாண்டு முன்னரே தொடங்கியிருக்கும்.

இதனினும் பெரிய இழப்பு மற்றொன்று. 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவர் துணைவர் கிருண்ட்லரும் கேட்ட வினாக்களுக்குத் தமிழர் பலர் ஓலையில் விடை எழுதினர். சமயம், ஒழுக்கம், மருத்துவம், கல்வி, சாதி, திருமணம் எனப் பல பொருள் பற்றிய தொண்ணூற்றொன்பது மடல்கள் செருமானிய மொழிபெயர்ப்பில் அச்சாயின. எழுதினோர் பெயர்கள் அச்சிடப்பெறவில்லை. மூலத் தமிழ் மடல்கள் கிடைத்தில. முந்நூறு ஆண்டுகட்கு முன் எளிய தமிழர் தம் வாழ்வைத் தம் உரைநடையில் எழுதிய தொண்ணூற்றொன்பது மடல்கள்! வீரமாமுனிவர் உரைநடையோடும் ஆனந்தரங்கர் நாட்குறிப்போடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க செல்வம் அது. இன்று நாம் அதனைச் செருமானியத்தினின்று மீண்டும் தமிழாக்கிப் படிக்க வேண்டியவராய் உள்ளோம். மொழிபெயர்ப்பில் பொருள் கிடைக்கும். அம்மக்கள் வழங்கிய சொல் கிடைக்குமோ? ஆலேயிலும் கோபனேகனிலும் உள்ள தமிழ் ஓலைகளை, அச்செருமானிய மடல்களை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் பணியைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மேற்கொள்ளல் வேண்டும். செருமானியம் அறிந்த தமிழ் மாணவர் இருவரேனும் நமக்கு வேண்டும். இதனை யான் பலகாலும் சொல்லி வருகிறேன்.

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்றனர். வாணிகம் நாகப்பட்டினம் முதலிய துறைகளுக்குச் சென்றது, ஊர் சுருங்கிற்று. பழைய தெருக்கள் இடிபடாமல் எஞ்சியது அச்சுருக்கத்தினாலேயே. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையில் பல உயிர்களைக் கொண்டது. மீனவர் குடியிருப்பே பேரழிவுக்கு உள்ளாயிற்று. கோட்டையைக் காணச் செல்வோர் அம்மக்கள் வாழும் பகுதிக்கும் செல்லுதல் வேண்டும். காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் மீனுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்துவைப்பது கல்வெட்டைப் படியெடுப்பதற்கு ஒப்பான கடமை. அச்சொற்களும் கரையில் நிற்பனவே.

மீளும் வழியில் பொறையாற்றில் இறங்குதல் நன்று. 1715ஐ ஒட்டி அங்கு ஒரு காகிதச் சாலை நிறுவப்பெற்றது, நெடுங்காலம் நடைபெறவில்லை. அது இருந்த பகுதிக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். கடுதாசி போர்ச்சுகீசியத்தின் வழி வந்த சொல் என்பர். டென்மார்க்கு அரசரின் ஆதரவில் செருமானியப் பாதிரிமார் நடத்திய காகிதச் சாலைக்குத் தமிழர் வைத்த பெயரில் போர்ச்சுகீசியச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் இணைந்து நிற்கின்றன. டேனியச் சொல்லுக்கு அங்கும் இடமில்லை. சென்ற ஆண்டு மாணவருடன் அவ்வழி வந்தபோது, கடையில் இருந்த முதியவர் ஒருவரிடம் ஒரு மாணவி, “ஐயா, இந்த இடத்திற்கு ஏன் இப்பெயர் வந்தது?” என்று கேட்டாள். “யாரோ வெள்ளைக்காரங்க கடுதாசி செஞ்சாங்களாம் அம்மா, எங்க பாட்டன் சொல்வாரு. இப்ப நீங்க எழுதற கடுதாசி எங்கிருந்து வருது?” என்றார் அவர். அம்மாணவி குறிப்பேட்டில் அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னவாறே எழுதிக்கொண்டாள்.